வேகத்திடம் கற்ற நிதானம்

வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞரின் நெஞ்சம் துள்ளுகிறது. தாய்மாரின் நெஞ்சமோ துணுக்குறுகிறது. மகனுடைய மோட்டார் சைக்கிள் படலையடியில் வந்து நிற்கும் ஓசை காதில் விழும்வரை விளக்கை அணையாது காத்திருக்கும் அன்னையர் நம் நாட்டில் எத்தனை ஆயிரம்! அந்தக் காத்திருப்பை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையின் வீதி விபத்துக்களில் உயிரிழப்போருள் மோட்டார் சைக்கிளிற் செல்வோர் பெரும் பகுதியினர் என்பது நாடறிந்த உண்மை.

இவ்வாறிருக்க, "மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றிற் கலந்துகொண்டோம், அங்கே நிதானத்தைக் கற்றுக்கொண்டோம்" என்று நாம் எழுதத் தொடங்கினால் வாசகர்கள் புன்னகை செய்வார்கள். கள்ளுக்கடையில் அமர்ந்து மதுவிலக்குக் கற்றவன் கதையாக இருக்கிறதே என்று கேட்பார்கள். கேட்கட்டும். மூன்று நாட்களில் நாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். தீர்ப்பை அவர்களே வழங்கட்டும்.

நமது குடும்பத்திற் பந்தய வீரர் எவரும் இருந்ததில்லை. நம்முடைய பாட்டனார் மாட்டுவண்டிச் சவாரி பார்ப்பதற்காக ஊரூராய்ச் சென்றவர் என்று கேள்வி. அவ்வளவே நமக்கும் பந்தயத்துக்கும் இருந்த உறவு. முப்பத்தெட்டாவது வயதில் உத்தியோக நிமித்தம் ஓராண்டு சென்னையில் தங்க நேர்ந்தது. அலுவலக நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துச் சென்றார். பார்வையாளராய்ச் சென்ற நாம், சில மாதங்களின் பின் பயிற்சி வகுப்பிற் சேர்ந்து, சான்றிதழும் போட்டி அனுமதியும் பெற்று, புதியவர்களுக்கென நடத்தப்பட்ட போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தோம். நமது வாகனம் 150 சீ.சீ. மோட்டார் சைக்கிள், நம் ஊர் இளைஞர் அன்றாடம் ஓட்டித் திரிவது போன்றதே.

இருங்காட்டுக்கோட்டை, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தாக உள்ளது. அங்குள்ள பந்தயப் பாதையின் ஒரு சுற்று 3.717 கிலோமீற்றர், அதிலே 12 வளைவுகள். 1953இல் நிறுவப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்துக்கு அது உரியது. அப்பாதை அமையுமுன் அக்கழகத்தார் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையிற் பந்தயங்களை நடத்திவந்தனர். அதைக் கேட்டபோது நம் நாட்டுக் கட்டுக்குருந்தை நமக்கு நினைவில் வந்தது. களுத்துறைக்கு அருகே, போர்க்காலத்திற் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாய் இருந்த அவ்விடமும் பின்னாளிற் பந்தயத் திடலாயிற்று. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்ரோன் திடலின் கதையும் இதுவே. போருக்கென இட்ட பாதைகளில் இளைஞர் விளையாட வந்தனர் என்பது இருபதாம் நூற்றாண்டு நமக்கு விட்டுச்சென்ற நல்ல செய்திகளுள் ஒன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியோ அந்தப் போருக்கும் முந்தியது. தேயிலைத் தோட்டத்தின் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் 1934இல் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை: ஆணியும் கம்பியும்

முதல்நாட் காலையில் எவரும் ஓடவில்லை. முதலில் வாகனப் பரிசோதனை. முகம் பார்க்கும் கண்ணாடிகள், விளக்குகள், பக்கத் தாங்குகால் யாவும் முன்னரே கழற்றப்பட்டிருக்க வேண்டும். விழுந்தால் உடைந்து சிதறுவன எவையும் பாதைக்கு வரலாகாது. இயந்திர எண்ணெயை வடிக்கும் ஆணியின் தலையிலே நுண்ணிய துளையிட்டு, மெல்லிய உருக்குக் கம்பியை அதனூடே செலுத்தி, அது தானே கழன்றுவிடாதபடி முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். பரிசோதகர் முழந்தாளிட்டு அமர்ந்து அந்தக் கம்பியை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இந்தக் கம்பி உங்களுக்காக இல்லை, சார். உங்க வண்டியிலேருந்து ஒழுகின எண்ணெய் உங்களை விழவைக்காது, பின்னாடி வர்றவனைத்தான் விழவைக்கும்" என்றார் அவர்.

பந்தயம் என்பது ஒருவரையொருவர் வெல்லும் முயற்சி என்றே எண்ணிச் சென்ற நமக்கு இது புதிய பாடமாய் இருந்தது. நம்முடைய ஆணியை நாம் இறுக்குவது நம்மை முந்த நினைப்பவனின் உயிருக்காக. அவனும் அவ்வாறே தன் ஆணியை நமக்காக இறுக்கியிருக்கிறான். ஒருவரையொருவர் நம்பாத இடத்திற் பந்தயம் நடத்தவே முடியாது.

ஓர் இளைஞரின் தலைக்கவசத்தை அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். நாடியின் கீழ்க் கட்டும் வார் நைந்திருந்தது. "இன்று ஒரு நாள் மட்டும்" என்று அவர் எவ்வளவோ மன்றாடியும் பரிசோதகர் இசையவில்லை. பக்கத்தில் நின்ற போட்டியாளர் தம்மிடம் இருந்த இரண்டாவது தலைக்கவசத்தை எடுத்து அவர் கையிற் கொடுத்தார். நம் ஊரிலோ, பொலிசாரைக் கண்டதும் வாரைக் கட்டி, கடந்ததும் அவிழ்த்துவிடும் வழக்கத்தை நாள்தோறும் காண்கிறோம்.

பின்னர் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், இரத்தவகை, அவசர வேளையில் அழைக்க வேண்டியவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுத வேண்டும். நாம் யாழ்ப்பாணத்திலிருக்கும் மனைவியின் இலக்கத்தை எழுதினோம். நமக்கு அருகே இருந்து எழுதிய பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன், சற்று யோசித்துவிட்டு, ஏதோ ஓர் இலக்கத்தைக் குறித்தான். அவனைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

கொடிகளின் மொழி அடுத்த பாடம். மஞ்சட் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து; எவரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டது. மஞ்சளிற் சிவப்புக் கோடிட்ட கொடி வழுக்கும் பாதையைக் குறிக்கும். நீலம் என்றால் நம்மை ஒரு சுற்றுக் கடந்து முந்தப் போகிறவர் பின்னே வருகிறார், வழிவிட வேண்டும். இந்தக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு காலை முதல் மாலைவரை வெயிலில் நிற்போர் பலரும் தொண்டர்கள். அவர்களுக்குப் பரிசுமில்லை, கைதட்டலுமில்லை.

ஆசானின் கணக்கு

பிற்பகலிற் பயிற்சி. நமக்கு வாய்த்த ஆசான் அறுபதை அண்மித்தவர்; சோழவரத்தில் ஓடிய காலத்தவர். பேச்சிற் சிக்கனம் மிக்கவர்.

"தம்பி, வண்டிக்குக் கண் கிடையாது. உங்க கண்ணு எங்க போகுதோ அங்கதான் அதுவும் போகும்" என்பது அவருடைய முதல் வாக்கியம். பள்ளத்தை விட்டு விலக வேண்டும் என்று எண்ணிப் பள்ளத்தையே பார்ப்பவன் அதனுள்ளே போய் விழுகிறான். வளைவினுள் நுழையும் முன்பே பார்வை வளைவின் முடிவிற்குச் சென்றிருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடந்து போகிறோம். கண்ணை ஒரு செக்கன் வேறிடத்தில் வைத்தால், அந்த 28 மீற்றரையும் குருடனாகக் கடந்தோம் என்பதே கணக்கு.

இரண்டாவது பாடத்தை அவர் குடும்பக் கணக்காகச் சொன்னார். "ரயருக்கு மாசச் சம்பளம் ஒண்ணுதான். அதை வளையறதுக்குச் செலவழிக்கலாம், பிறேக்குக்குச் செலவழிக்கலாம். ரெண்டுக்கும் முழுச் சம்பளத்தையும் கேட்டீங்கன்னா வீடு கவிழ்ந்திடும்." வாகனமும் மனிதனும் சேர்ந்த அத்தனை பாரமும் நிலத்தைத் தொடுவது, சக்கரம் ஒன்றுக்கு உள்ளங்கை அளவான இடத்தில் மாத்திரமே. அந்தப் பிடிமானம் ஓரளவினதே. நேராகச் செல்கையில் அதனை முழுவதும் பிறேக்குக்குக் கொடுக்கலாம். சரிந்து வளைகையில் அதன் பெரும் பகுதி வளைவதற்கே செலவாகிவிடுகிறது. அவ்வேளை பிறேக்கை இறுக்கிப் பிடித்தால், இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதியது போலாகும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலை வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கப் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். 40 கிலோமீற்றர் வேகத்தில் நின்றுவிடும் வாகனம், 80இல் அதனிலும் நான்கு மடங்கு ஓடிய பின்னரே நிற்கும். அதைப் பரீட்சைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுவது வேறு. வயிற்றில் உணர்வது வேறு.

மூன்றாவது பாடம் வியப்பானது. வேகமாய்ச் செல்லும் மோட்டார் சைக்கிள் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், வலக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்புகிறது; உடனே வாகனம் வலப்புறம் சரிந்து, வலப்புறமே வளைகிறது. துவிச்சக்கர வண்டியும் இவ்வாறே. 1903இல் இயந்திர விமானத்தில் முதன்முதற் பறந்த ரைற் சகோதரர் துவிச்சக்கர வண்டி செய்து விற்றவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், வண்டி ஓட்டுவோர் பலரிடம் "இடப்புறம் திரும்ப என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தாராம். முதலில் வலப்புறம் திருப்புகிறோம் என்று கேட்டவுடனே ஒருவர்தானும் சொல்லவில்லையாம். கை அறிந்ததை மனம் அறியாமலிருக்கிறது. அறியாத மனம் ஆபத்து வேளையிற் கைக்குத் தவறான கட்டளை இடுகிறது. பயிற்சி என்பது கையும் மனமும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளுதலே.

மாலையில் ஆசான் ஒரு விசித்திரமான கட்டளை இட்டார். மாணவர் அனைவரும் நான்காவது கியரிலேயே ஓட வேண்டும். ஆபத்து நேர்ந்தாலன்றிப் பிறேக்கைத் தொடக்கூடாது. கட்டளையைக் கேட்ட எல்லார் முகத்திலும் ஏமாற்றம். ஓடி முடித்தபின் நேரத்தை வாசித்தார்கள். முன்னர், அக்சிலேற்றரை முறுக்கியும் பிறேக்கை அழுத்தியும் வியர்த்து விறுவிறுத்து ஓடியபோது ஒரு சுற்றுக்கு நமக்கு ஆன நேரம் 2 நிமிடம் 31 செக்கன். பிறேக் இன்றி அமைதியாய் ஓடியபோது 2 நிமிடம் 33 செக்கன்! ஏனைய மாணவர் கணக்கும் ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. ஆசான் சிரித்தார். "அவ்வளவு ஆர்ப்பாட்டமும் இந்த ரெண்டு செக்கனுக்குத்தான்" என்றார். மறுநாட் காலை, வேகத்தை முன்னரே அளந்துகொண்டு வளைவுகளுள் அமைதியாய் நுழையப் பழகியபோது, நமது நேரம் 2 நிமிடம் 24 செக்கனுக்கு இறங்கியது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னதைக் கடிகாரமே காட்டித் தந்தது.

சனிக்கிழமை: சிவப்புக் கொடி

சனி பிற்பகலில், தொடங்கும் வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம். மூன்றாவது சுற்றில், நமக்கு முன்னே ஐம்பது மீற்றர் தூரத்தில் அந்தக் கல்லூரி மாணவன் சென்றுகொண்டிருந்தான். இடப்புற வளைவு ஒன்றிலே அவனுடைய வாகனத்தின் முன்சக்கரம் வழுக்கியது. வாகனம் ஒருபுறமும் அவன் மறுபுறமுமாகச் சரளைக் கற்பரப்பிற் சறுக்கிச் சென்றார்கள். மஞ்சட் கொடிகள் அசைந்தன. சில கணங்களிற் சிவப்புக் கொடி. நாம் எல்லாரும் கையை உயர்த்தி, வேகம் தணித்து, தரிப்புக் கூடத்துக்குத் திரும்பினோம். நாம் தலைக்கவசத்தைக் கழற்றுமுன் அம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது.

காறை எலும்பு முறிந்திருந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுவோருக்கு அடிக்கடி முறியும் எலும்புகளுள் அதுவும் ஒன்று. அவனுடைய தோலாடை தோட்பட்டையிலே தேய்ந்து நூலாய்ப் போயிருந்தது. அதனுள்ளிருந்த தோளின் தோலிலோ ஒரு கீறலுமில்லை.

படிவத்திற் குறித்த இலக்கத்தை வைத்தியர் அழைத்தார். மணி ஒலித்தது, அடுத்த அறையில்! அது அவனோடு விடுதியில் வசிக்கும் நண்பனுடைய இலக்கம். உடன் வந்து, வெளியிலே கலங்கி நின்றவன் அவன்தான்.

நாம் கட்டிலருகே அமர்ந்தோம். "அண்ணா, அம்மாவுக்குத் தெரியாது. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்" என்றான். விழுந்த வலியிலும் அழாதிருந்தவனுடைய கண்கள் அதைச் சொல்லும்போது கலங்கின.

"தம்பி, புள்ளி குறைந்தால் ஒளிக்கலாம், கட்டுப் போட்ட தோளை எப்படி ஒளிப்பது? இப்போதே சொல்லிவிடும்" என்றோம்.

வேலூருக்கு அழைத்தான். அன்னையின் குரல் நமக்குக் கேட்கவில்லை. மகனுடைய மறுமொழிகளே கேட்டன. "விழுந்துட்டேம்மா... இல்லம்மா, தோள் மட்டும்தான்..." பின்னர் நெடுநேரம் மௌனம். கடைசியாக, "சாப்பிட்டேம்மா" என்றான். அவர் என்ன கேட்டிருப்பார் என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு அவனுடைய வாகனத்தைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அது அவன் தமையனிடமிருந்து இரவல் வாங்கி வந்தது. கைப்பிடி வளைந்து, பிறேக் நெம்புகோல் உடைந்து, மிதியும் முறிந்து கிடந்தது. ஒருவர் தம் உதிரிப் பெட்டியிலிருந்து நெம்புகோல் கொடுத்தார். மற்றொருவர் மிதியைக் கொணர்ந்தார். இரவு பத்து மணிக்கு அது மீண்டும் மோட்டார் சைக்கிள் ஆயிற்று. பணம் என்ற பேச்சை எவரும் எடுக்கவில்லை. பகலெல்லாம் ஒருவரையொருவர் முந்தத் துடித்தவர்கள் அவர்கள். நாமும் சும்மா இருக்கவில்லை, விளக்குப் பிடித்தோம்.

அறைக்குத் திரும்பி மனைவியை அழைத்து நடந்தவற்றை ஒளியாது சொன்னோம். மறுநாள் ஓடுவதா, விடுவதா என்று நம் மனம் ஊசலாடியது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இஞ்சாருங்கோ, முதலாவதாய் வராட்டில் ஒண்டுமில்லை. முழுசாய் வந்து சேருங்கோ, அது காணும்" என்றார். நமக்குக் கிடைத்த பந்தய ஆலோசனைகளுள் அதுவே சிறந்தது என்று இன்றும் கருதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை: ஓர் அன்னையின் கேள்வி

காலை ஒன்பது மணியளவில் அந்த அன்னையார் வந்து சேர்ந்தார். கையிலே ஒரு துணிப்பை. மகனைத் திட்டுவார் என்று நாம் எல்லாரும் ஒதுங்கி நின்றோம். அவர் கட்டின் முடிச்சைச் சரிசெய்தார்; பையிலிருந்த புளியோதரையை எடுத்து அவனுக்கு ஊட்டினார்; நமக்கும் ஒரு பங்கு வைத்தார். பின்னர், "எங்கே விழுந்தான், காட்டுங்க தம்பி" என்றார்.

வேலிக்கு வெளியே நின்று அந்த வளைவைக் காட்டினோம். வேறொரு வகுப்பினரின் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. நெடுநேரம் உற்று நோக்கினார்.

"எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்களா?"

"ஆம், அம்மா."

"எதுக்க யாரும் வரமாட்டாங்களா? ஆடு, மாடு, லாரி?"

"வரமாட்டா, அம்மா."

"அந்த ஆம்புலன்ஸ் காலையிலேருந்து அங்கேயே நிக்குமா?"

"அது நிற்காவிட்டாற் பந்தயமே தொடங்காது, அம்மா."

அவர் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு ஏற்பாடு பண்ணியும் எலும்பு உடையுதே. அப்போ இவன் தினமும் காலேஜுக்குப் போற ரோட்டுல..." என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

முடிக்காத அந்த வாக்கியத்தை நாம் பலமுறை முடித்துப் பார்த்திருக்கிறோம். பந்தயப் பாதையிலே விழுபவன் சறுக்கிச் செல்லச் சரளைப் பரப்பு உண்டு, மோதினால் தாங்க ரயர்களை அடுக்கிய சுவர் உண்டு, மேலே தோலாடை உண்டு, வைத்தியர் உண்டு, ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கக் கொடி உண்டு. நம் வீதியில் என்ன உண்டு? மதகும் மின்கம்பமும், எதிரே வரும் லொறியும், குறுக்கே ஓடும் நாயும், ஒரு சேட்டும் செருப்புமே உண்டு. ஏற்பாடு தவறினாற் பந்தயத் திடலும் கொல்லும் என்பதை நாம் மறக்கலாகாது. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் போட்டியில், பாதையை விட்டு விலகிய கார் மோதி எழுவர் உயிரிழந்தனர். எட்டு வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. வேகத்துக்கென வகுத்த இடத்திலேயே அது நேருமாயின், வேகத்துக்கென வகுக்காத வீதியிலே அதே வேகத்திற் செல்வதை வீரம் என்று அழைப்பது எவ்வாறு?

நமது பந்தயம் பிற்பகலில் நடந்தது. பதினெட்டுப் பேர்; ஆறு சுற்றுக்கள். பதினான்காவது இடத்திலிருந்து புறப்பட்டோம். "முதல் வளைவிலே பந்தயத்தை ஜெயிக்க முடியாது, தோக்க முடியும்" என்று ஆசான் காதில் ஓதியிருந்தார். செவ்விளக்குகள் அணைந்தன. பதினெட்டு இயந்திரங்களும் ஒருங்கே முழங்க, நெஞ்சின் துடிப்புக்கும் இயந்திரத்தின் துடிப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. ரயர்கள் சூடேறும்வரை பிடிமானம் குறைவு. ஆதலின் முதற் சுற்றைப் பொறுமையாகக் கழித்தோம். அடுத்த சுற்றுக்களில் ஒவ்வொருவராக மூவரைக் கடந்தோம். அக்சிலேற்றரை அவர்களிலும் அதிகமாக முறுக்கியதனாலன்று. வளைவுக்கு முன் சற்றே முந்தி வேகத்தைக் குறைத்து, வளைவை விட்டு அவர்களிலும் முந்தி நிமிர்ந்ததனாலேயே.

கடைசிச் சுற்று. நமக்கு முன்னே பத்தாவது இடத்தில் ஓர் இளைஞர். இறுதி வளைவில் அவர் சற்று அகன்று சென்றார். உட்புறத்தில் ஓர் இடைவெளி. ஒரு வாகனம் நுழையலாம் போலிருந்தது. அந்த ஒரு கணத்தில் அன்னையாரின் துணிப்பையும், மனைவியின் சொல்லும், ரயரின் சம்பளமும் ஒன்றாய் நினைவில் வந்தன என்று சொன்னால் நம்புவீர்களா? அவ்விடைவெளியை அதன் பாட்டிலே விட்டுவிட்டோம். ஒரு சக்கர இடைவெளியிற் பதினோராவதாக முடித்தோம்.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் அந்த இளைஞர் ஓடி வந்தார். "அண்ணே, நீங்க பின்னாடி இருந்ததே எனக்குத் தெரியாது. அடுத்த நொடி நான் உள்பக்கம் மூடிட்டேன். நீங்க அங்க வந்திருந்தா ரெண்டு பேரும் காலி" என்றார். பத்தாவது இடத்துக்கும் பதினோராவது இடத்துக்கும் பரிசு ஒன்றுதான், அதாவது ஒன்றுமில்லை. எனினும், விட்டுக்கொடுத்த அந்த ஓர் இடத்தை நாம் பெற்ற வெற்றியாகவே எண்ணுகிறோம்.

மாலையில் அன்னையார் விடைபெற வந்தார். இனி மகனைப் பந்தயத்துக்கு விடுவீர்களா என்று கேட்க நமக்குத் துணிவில்லை. அவரே சொன்னார்: "விழுந்தது கூட மனசு ஆறிடும் தம்பி. சொல்லாம வந்தானே, அதுதான் ஆறல." மகன் தலைகுனிந்து நின்றான். ஆசானைப் பார்த்து, "தோள் கூடினதும் அவனே வந்து எங்கிட்ட கேக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சென்றார்.

வீதிக்குத் திரும்பியபின்

இன்று நாம் யாழ்ப்பாணத்திற் பழையபடி மோட்டார் சைக்கிளில் அலுவலகம் சென்று வருகிறோம். பந்தயம் ஓடியவர் என்று கேள்விப்பட்டு, நமது வேகத்தைக் காண ஆவலோடு பின்தொடரும் இளைஞர்கள் ஏமாந்து போகிறார்கள். சில வேளைகளில் துவிச்சக்கர வண்டிக்காரரே நம்மைக் கடந்துவிடுகிறார். காலையில் ரயரின் காற்றை அழுத்திப் பார்க்கிறோம். தலைக்கவசத்தின் வாரைப் பக்கத்துக் கடைக்குப் போவதென்றாலும் பூட்டுகிறோம். சந்திக்கு முன்பே வேகம் தணிக்கிறோம். முன்னே செல்லும் பஸ்சின் பின்புறத்தைப் பாராது, அதற்கப்பால் வரும் வீதியைப் பார்க்கிறோம். நம்மைக் கோபத்தோடு முந்திச் செல்பவருக்கு, மனத்தால் ஒரு நீலக் கொடி காட்டி வழிவிடுகிறோம்.

மாணவ நண்பர்களே, வேகத்தின்மேல் ஆசை கொள்வது குற்றமன்று. இளமைக்கு அது இயல்பு. அந்த ஆசைக்கு ஆசானும், பரிசோதகரும், கொடியும், அம்புலன்சும் உள்ள இடத்தைத் தேடிச் செல்லுங்கள். வீதியில் அதைத் தீர்த்துக்கொள்ள முனையாதீர்கள். பெற்றோர்களே, "கவனமாய்ப் போய் வா" என்று பொதுவாகச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ரயர் தேய்ந்துள்ளதா, பிறேக் பிடிக்கிறதா, தலைக்கவசத்தின் வார் நைந்துள்ளதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் வீட்டிலே பிள்ளைகள் சொல்லவும் பழகுவார்கள்.

மற்றொன்று. ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதும்போது, அந்த இலக்கத்துக்கு உரியவர் நீங்கள் இன்று எங்கே போகிறீர்கள் என்பதை அறிவாரா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.